சூல்வலிப்பும் குடிவழியும்

கருவுற்ற பெண்ணைத் தாக்கும் சூல்வலிப்புக்கு மேனாட்டார் இட்ட பெயர் கிரேக்க மொழியில் திடீர் ஒளிவீச்சு எனப் பொருள்படும். ஆயினும் அறிகுறி யாதுமின்றி வரும் நோயன்று அது. வலிப்புக் கண்ட பெண்களின் சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் இருத்தலை 1843ஆம் ஆண்டில் இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஜோன் லீவர் கண்டார். 1896இல் இத்தாலியரான ரீவா ரொச்சி குருதியமுக்கத்தை அளக்கும் கருவியை அமைத்தபின், வலிப்புக்கு முன்னரே அமுக்கம் உயர்தலும் புலனாயிற்று. எப்பெண்ணுக்கு இது வரும் என்பதே எஞ்சிய வினா.

அதற்கு விடை தேடியவர் அமெரிக்க நாட்டு லியோன் செஸ்லி. அவர் வைத்தியரல்லர், ஜேர்சி நகரின் மார்கரெட் ஹேக் பிரசவ வைத்தியசாலையில் ஆராய்ச்சி செய்தவர். அங்கு 1931 முதல் 1951 வரை சூல்வலிப்புற்றுப் பிழைத்த பெண்களைப் பல்லாண்டு விடாது தொடர்ந்தார். பின்னர் அவர்தம் உறவினரையும் தேடிச் சென்றார். முதற் கருப்பத்திலே நோயுற்றோர் சகோதரிகளுள் நூற்றுக்கு 37 பேர். புதல்வியருள் 26 பேர். பேத்தியருள் 16 பேர்.

ஒரே உணவும் ஒரே வாழ்க்கை முறையும் இதற்குக் காரணமாகலாமன்றோ? இவ்வையத்தைத் தீர்க்க அவர் மருமக்களையும் கணக்கிற் சேர்த்தார். மருமகள் குடும்பத்துட் புகுந்தவள், குருதியால் வேறானவள். அவர்களுள் நோயுற்றோர் நூற்றுக்கு 6 பேரே. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றிக் கிடைத்த அருமையான சான்று இது.

எனினும் மருமகள் சுமப்பது அக்குடும்பத்துக் குழந்தையையே. இதன் பொருள் பின்னரே விளங்கிற்று. நோர்வே நாட்டில் 1967 முதல் பேணப்படும் பிறப்புப் பதிவேட்டை ஆராய்ந்தோர், ஒருத்தியின் கருப்பத்தில் இந்நோய் கண்டிருப்பின், அதே ஆடவனால் வேறொருத்தி கருவுறும்போதும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறதென 1998இல் வெளியிட்டனர். இந்நோய் கண்ட தாய்க்குப் பிறந்த ஆடவரின் மனைவியர்க்கும் இது மிகுதியென 2001இல் அமெரிக்க யூட்டா மாநில ஆய்வு காட்டிற்று. ‘அவள் வீட்டு நோய்’ என்று மருமகளை மட்டும் சுட்டும் வாய்க்கு இது தக்க மறுமொழி.

2017ஆம் ஆண்டில் குழந்தையின் பரம்பரையலகுகளிலேயே ஒரு தடயம் அகப்பட்டது. அவ்விடத்துப் பரம்பரையலகு ஆக்கும் புரதம் சூல்வித்தகத்திலிருந்து தாயின் குருதியிற் கலந்து, நாளங்களைக் கெடுப்பது. இஃதொன்றே காரணமென்பதன்று, சிறு சிறு ஏதுக்கள் பல கூடியே நோய் விளைகின்றது.

இன்று முதற் பரிசோதனைக்கு வரும் பெண்ணிடம் தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் இருந்ததா என வினவுவர். பிற ஏதுக்களும் சேர்ந்திருப்பின், வைத்தியர் 16 வாரத்துக்கு முன்னரே சிறிதளவு அஸ்பிரினைத் தொடங்குவிப்பதுண்டு. கணவனின் தாயைப் பற்றி வினவுவோர் அரியர்.