துணி மென்மையூட்டி: தென்காசி, குற்றாலம் வட்டாரப் பயன்பாடு

துணி மென்மையூட்டி என்பது துவைத்த துணியைக் கடைசியாக அலசும் தண்ணீரில் கலக்கும் திரவம். துணியை மெதுமெதுவென்று ஆக்குவதும் வாசனை ஏற்றுவதும் இதன் வேலை. அழுக்கை எடுப்பது இதன் வேலையே அல்ல. புட்டியில் ‘ஃபேப்ரிக் கண்டிஷனர்’ என்று அச்சிட்டிருக்கும். மளிகைக் கடையில் எந்தக் கம்பெனிச் சரக்கானாலும் பலர் ‘கம்ஃபர்ட்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஒளிநகல் எதுவானாலும் ஜெராக்ஸ் என்பதைப் போல. பெரிய புட்டி வாங்கத் தயங்குகிறவர்களுக்காகச் சின்னப் பாக்கெட்டும் கடை வாசலில் சரமாகத் தொங்குகிறது.

துவைத்த துணி விறைப்பதும் இளகுவதும் தண்ணீர், காற்று, வெயில், நூல் என்ற நான்கைப் பொறுத்தது. இந்த நான்கும் தென்காசி மாவட்டத்தில் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே மாறிவிடுகின்றன. மேற்கே அருவித் தண்ணீரும் சாரலும்; கிழக்கே போகப் போகக் கிணற்றுத் தண்ணீரும் வறண்ட வெயிலும். ஆகவே ‘இதை வாங்கலாமா, வேண்டாமா’ என்ற கேள்விக்குக் குற்றாலத்து வீட்டில் ஒரு விடையும் சங்கரன்கோவில் வீட்டில் வேறு விடையும் வரும்.

வேலை செய்யும் விதம்

புட்டியில் இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர்தான். மிச்சத்தில் முக்கியமானது, கொழுப்பிலிருந்து செய்யப்படும் ஒருவகை வேதிப்பொருள். அதன் தலை நேர்மின்னூட்டம் கொண்டது. வால் நீண்ட கொழுப்புச் சங்கிலி. பருத்தி நூல் தண்ணீரில் நனையும்போது அதன் மேற்பரப்பில் லேசான எதிர்மின்னூட்டம் இருக்கும். எனவே தலை நூலைப் பற்றிக்கொள்ள, வால் வெளியே நீட்டி நிற்கிறது. நூலுக்கு எண்ணெய் தடவினாற்போல மெல்லிய படலம் ஒன்று படிந்துவிடுகிறது. இந்தப் பொருளின் நன்மை, தீமை இரண்டுமே அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன.

சலவைத்தூளில் உள்ள நுரைப்பொருள் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டையும் ஒரே தண்ணீரில் கலந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரிந்துபோகும். அழுக்கும் போகாது, துணியும் இளகாது. தானியங்கி எந்திரத்தில் இதற்கெனத் தனிக் குழி இருப்பது இதனால்தான். இருதொட்டி எந்திரம் வைத்திருப்பவர்கள் சோப்பு முழுக்கப் போகும்வரை அலசிவிட்டு, கடைசித் தண்ணீரில் கையால் ஊற்ற வேண்டும். தூளோடு சேர்த்துத் தொடக்கத்திலேயே ஊற்றிவிட்டு, ‘ஒன்றும் தெரியலையே’ என்பவர்கள் இரண்டு சாமானையும் வீணாக்குகிறார்கள்.

வெயிலில் காய்ந்த பருத்தித் துண்டு ஏன் அப்பளம்போல் விறைக்கிறது? தண்ணீர் போய்விடுவதால் என்றுதான் யாரும் நினைப்போம். ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் காவோ நிறுவனமும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. காய்ந்துவிட்டதாக நாம் நினைக்கும் துணியிலும் நூலோடு ஒட்டிய நீர் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அந்த நீரே இழைக்கும் இழைக்கும் நடுவே பசையாக நின்று அவற்றைப் பிணைக்கிறது. துணியைக் கசக்கினாலோ உதறினாலோ பிணைப்பு அறுகிறது, துணி இளகுகிறது. மென்மையூட்டியின் படலம் இந்தப் பிணைப்பு விழாமல் முன்கூட்டியே தடுக்கிறது. உதறி உதறிக் கொடியில் போடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதற்கு வேதியியல் விளக்கம் இப்படிக் கிடைத்தது.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது வீட்டுப் பொருளாக இருக்கவில்லை. சாயமேற்றிய பருத்தி முரடாகிவிடுவதால், ஆலைகளில் சோப்பும் எண்ணெயும் கொழுப்பும் கலந்த கரைசலில் துணியை நனைத்தெடுப்பார்கள். பிறகு சவுக்காரத்தின் இடத்தைச் செயற்கைச் சலவைத்தூள் பிடித்தது. சவுக்காரம் துணியில் கொஞ்சம் கொழுப்பை மிச்சம் வைக்கும். சலவைத்தூள் அதையும் வழித்தெடுத்துவிடும். அழுக்கு நன்றாகப் போயிற்று, துணி முரடாயிற்று. தூள் எடுத்த கொழுப்பைத் திரும்பப் பூச ஒரு புட்டி வந்ததென்று சொன்னால் தவறில்லை. அமெரிக்காவில் டௌனி 1960இலும், பிரிட்டனில் கம்ஃபர்ட் 1969இலும் கடைக்கு வந்தன.

முதல் தலைமுறை மென்மையூட்டிகள் மாட்டுக்கொழுப்பிலிருந்து செய்யப்பட்டவை. மண்ணிலும் நீரிலும் எளிதில் மக்காதவை. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனி, நெதர்லாந்து நாடுகளில் உற்பத்தியாளர்கள் அவற்றைக் கைவிட்டு, விரைவாக மக்கும் எஸ்டர்குவாட் வகைக்கு மாறினார்கள். இன்று தாவரக் கொழுப்பு, விலங்குக் கொழுப்பு இரண்டிலிருந்தும் இவ்வகை செய்யப்படுகிறது. மேல்நாடுகளில் இதற்குப் பெரிய சந்தை அமைய இன்னொரு காரணம் துணி உலர்த்தும் எந்திரம். சூடான தொட்டிக்குள் துணிகள் உரசி மின்னேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மென்மையூட்டி அதைத் தடுக்கும். கொடியில் காயப்போடும் நம் வீடுகளில் அந்தக் காரணம் ஏறக்குறைய இல்லை.

தண்ணீர்

குற்றால மலையில் பெய்யும் மழை கரும்பாறைமேல் வழிந்து பேரருவியாகவும் ஐந்தருவியாகவும் பழைய குற்றாலமாகவும் விழுகிறது. பாறையில் கரையக்கூடிய சுண்ணாம்பு குறைவு. தண்ணீர் மலையில் தங்கும் நேரமும் குறைவு. அதனால் இது மென்னீர். சோப்பு தேய்த்தால் நுரை பொங்கும். எத்தனை முறை அலசினாலும் கையில் வழுவழுப்பு போகாததுபோல் இருக்கும். ஓடைத் தண்ணீர் வரும் வீடுகளில் சலவைத்தூளைப் பாதியாகக் குறைக்கலாம். இங்கே துணி முரடாவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீரல்ல, அளவுக்கு மீறிப் போட்ட தூள்தான்.

சிற்றாறு தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஆற்றுப் பாசனத்தை விட்டு விலகி, ஆழ்துளைக் கிணற்றை நம்பும் ஊர்களில் நிலைமை வேறு. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சவுக்காரத்தோடு சேர்ந்து வெள்ளைத் திரிவாகத் துணியில் படியும். வெள்ளை வேட்டி சாம்பல் பூக்கும், துண்டு சொரசொரக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500, 2012) கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்புடையது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. மேல் எல்லையை நெருங்கும் தண்ணீரில் துவைக்கிற வீட்டுக்கு மென்மையூட்டி ஓரளவு பலன் தரும். ஆனால் அது படிந்த உப்பை நீக்குவதில்லை, அதன்மேல் பூச்சுப் பூசுகிறது. கடைசி அலசலில் சிறு கரண்டி வினிகர் விட்டால் காரப் படிவு கரையும். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைப் பிடித்து அலசினால் அதற்கும் தேவையில்லை.

காற்றும் சாரலும்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவு, செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பக்கம் பாய்கிறது. கேரளத்தில் கொட்டித் தீர்த்த மேகத்தின் மிச்சம் தென்காசியில் பொடிச்சாரலாக விழும். சாரல் விட்ட இடைவெளியில் அடிக்கும் காற்றில் கொடியில் கிடக்கும் சாரம் (லுங்கிக்கு இந்தப் பக்கத்துப் பெயர்) படபடவென்று அடித்துக்கொண்டே காயும். காய்ந்துகொண்டிருக்கும்போதே காற்று துணியை இடைவிடாமல் உதறுவதால் இழைகள் பிணைந்து விறைக்க வழியில்லை. மொட்டை மாடியும் ஆடிக்காற்றும் வாய்த்த வீட்டில் மென்மையூட்டி வாங்குவது, அருவிக்கரையில் நின்றுகொண்டு தண்ணீர்ப் புட்டி வாங்குவதைப் போலத்தான்.

சாரல் விடாத நாட்களில் இந்தக் கணக்கு மாறும். துணி உள்ளறையில் இரண்டு மூன்று நாள் கிடந்து ஈரவாடை எடுக்கும். மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற நுண்ணுயிர் இவ்வாடைக்கு முக்கியக் காரணம் என்று 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். துவைத்த பிறகும் இது துணியில் தங்கி, ஈரம் நீடித்தால் பெருகி, நாறும் அமிலத்தைச் சுரக்கிறது. மென்மையூட்டியை இந்த வட்டாரத்தில் அதிகம் ஊற்றுவது இந்த வாடையை மறைக்கத்தான். வாசனை மேலே நிற்கும். நுண்ணுயிர் கீழே இருக்கும். வேர்த்ததும் வாடை திரும்பிவிடும். வெந்நீரில் ஊறவைத்தல், மின்விசிறிக்குக் கீழே அகலமாக விரித்தல், அரை ஈரத்தில் இஸ்திரி போடுதல், வெயில் எட்டிப்பார்த்த அரை மணி நேரத்தைத் தவறவிடாதிருத்தல் ஆகியவையே வாடையின் மூலத்தைத் தொடும்.

வாசனை நாள்கணக்கில் நிற்பதற்கு, நுண்ணிய உறைகளுக்குள் நறுமணத்தை அடைத்து வைப்பது ஒரு வழி. உடுத்தும்போது உரசலில் உறை உடைந்து மணம் வெளிவரும். அந்த உறைகளில் பல, நெகிழிப் பொருளால் ஆனவை. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த நுண்நெகிழித் தடையில் இவையும் அடங்கும். மாறிக்கொள்ள 2029 வரை அவகாசம் தரப்பட்டுள்ளது. நறுமணப் பொருள்களும் கெட்டுப்போகாமல் காக்கச் சேர்க்கும் பொருள்களும் சிலருக்குத் தோல் அரிப்பைத் தருவதுண்டு. கரப்பான் உள்ள குழந்தையின் துணிக்கு மணமற்ற சோப்பும் கூடுதலாக ஓர் அலசலுமே பாதுகாப்பு.

துணி

வேட்டிக்கும் பருத்திச் சேலைக்கும் நாம் தேடுவது மென்மையை அல்ல. வடிகஞ்சியில் முக்கி, உதறிக் காயவைத்து, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்ட வேட்டி நடக்கும்போது சரசரக்க வேண்டும். சொட்டு நீலமும் கஞ்சியும் சேர்ந்த இந்த அழகு, மென்மையூட்டிக்கு நேர் எதிர்த்திசையில் போவது. கஞ்சி இழைகளை ஒட்டி நிமிர்த்தும். மென்மையூட்டி வழுக்கவிட்டுத் துவளவைக்கும். இரண்டையும் ஒரே துணிக்குப் போடுவதில் பொருளில்லை. சங்கரன்கோவில் தறிகளில் நெய்த பருத்திச் சேலை கஞ்சியில் எடுப்பாக நிற்கும். மென்மையூட்டியில் தொளதொளத்துப் போகும்.

துண்டின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குற்றாலத்துக்கு வருகிறவர்களில் கையில் துண்டில்லாதவர் யார்? அருவிக்கரைக் கடைகளில் வாங்கிய புதுத் துண்டு முதல் நாள் தண்ணீரையே குடிக்காது. உடம்பில் வழுக்கிக்கொண்டு போகும். நெசவுக்குப் போட்ட பசையும் விற்பனைக்காகப் பூசிய பதப்பொருளும் அதில் இருப்பதே காரணம். இரண்டு மூன்று முறை துவைத்த பிறகே ஈரிழைத் துண்டு துண்டாகும். அதன்மேல் மென்மையூட்டியை ஊற்றுவது, போன பூச்சைத் திரும்பக் கொண்டுவருவது. கொழுப்புவால் தண்ணீரை விலக்கும். துண்டின் வேலையோ தண்ணீரை உறிஞ்சுவது. தடிமனான பூத்துண்டில் இந்தக் குறை உடனே தெரியாது, மாதக்கணக்கில் படிந்த பிறகு தெரியும். கார்த்திகை, மார்கழியில் மாலையணிந்து வழியில் அருவியாடும் ஐயப்பப் பக்தர்கள் ஒரே துண்டை இரண்டு மூன்று குளியலுக்கு வைத்துக்கொள்வார்கள். மெல்லிய, நன்கு துவைத்துப் பழகிய துண்டு அவர்களுக்கு ஏற்றது. குளித்தபின் முதுகு சிவக்கத் துவட்டிக்கொள்வதில் சுகம் காண்கிறவர்களுக்கு முரட்டுத்தனம் ஒரு குறையுமல்ல.

குழந்தையின் அரைத்துணி, வியர்வையை வெளியேற்றும்படி நெய்த விளையாட்டு உடை, தண்ணீர் ஒட்டாத மழைக்கோட்டு ஆகியவற்றுக்கும் மென்மையூட்டி ஆகாது. மழைக்கோட்டைப் பொறுத்தவரை, சாரல் காலத்துக்கென்றே வாங்கிய பொருளை அதே காலத்தில் கெடுத்துக்கொள்வதாகும். தீயைப் பற்றிய எச்சரிக்கை இன்னும் முக்கியம். பூந்துணி, பஞ்சுபோன்ற துணி ஆகியவற்றில் இது படிந்தால் தீ எளிதில் பற்றும். தீத்தடுப்புச் செய்த குழந்தை இரவு உடைகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் எச்சரிக்கிறார்கள். அடுப்படியில் உடுத்தும் உடைக்கும் தீபாவளிக்குப் பிள்ளைகள் போடும் உடைக்கும் இதைத் தவிர்ப்பது நல்லது.

பலன் தெரியும் இடங்களும் உண்டு. பாலியஸ்டர் சேலை காலோடு ஒட்டிக்கொள்வது குறையும். பள்ளிச் சீருடையை இஸ்திரி போடும் நேரம் மிச்சமாகும். எந்திரத்தில் பிழிந்து வீட்டுக்குள்ளேயே காயும் கனத்த படுக்கை விரிப்பு, கம்பளிச் சட்டை போன்றவை கைக்கு இதமாக இருக்கும். முடங்கிக் கிடக்கும் நோயாளிகளின் மேல்விரிப்புக்கு இதைக் கொஞ்சமாகப் பயன்படுத்துவதில் நியாயம் இருக்கிறது.

அருவியும் ஆறும்

குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை உண்டு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை வலியுறுத்தியிருக்கிறது. மென்மையூட்டியை யாரும் அருவிக்கு எடுத்துப் போவதில்லை, ஆனால் வீட்டு அலசல் தண்ணீர் வாய்க்கால் வழியே சேருமிடமும் அதே சிற்றாறுதான். நேர்மின்னூட்டம் கொண்ட இவ்வகைப் பொருள்கள் மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் நஞ்சாகக்கூடியவை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் பெரும்பகுதி மக்கிப்போகும், மிச்சம் கசடில் ஒட்டிக்கொள்ளும். சாக்கடை நேரே குளத்தில் கலக்கும் ஊரில் அந்த நடுப்படி இல்லை. கடைசி அலசல் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடுகிற பழக்கம் உள்ள வீடுகள், மென்மையூட்டி கலந்த தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு விடாமலிருக்கலாம்.

படிவை நீக்கும் முறை

மாதக்கணக்கில் மென்மையூட்டி போட்டுத் தண்ணீர் குடிக்காமல் போன துண்டை மீட்கலாம். நல்ல வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடாவைக் கரைத்து இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் குறைந்த தூளில் துவைத்து, இருமுறை அலச வேண்டும். சாயம் போகும் துண்டானால் வெதுவெதுப்பான நீரே போதும். காய்ந்த துண்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது எளிய சோதனை. சொட்டு உருண்டு நின்றால் படிவு இன்னும் இருக்கிறது, ஊறவைப்பதைத் திரும்பச் செய்ய வேண்டும். விட்டதும் பரவி உள்ளே இறங்கிவிட்டால் துண்டு தயார்.