விவரணப் படமும் யதார்த்தவாதமும்: லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் பற்றிய ஒரு நோக்கு

சிங்களச் சினிமாவில் யதார்த்தவாதத்தின் தோற்றத்தை லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் (1919–2018) தனிப்பட்ட மேதைமையாகக் காண்பது வழக்கம். அம்மேதைமை எத்தகைய உற்பத்தி நிலைமைகளில் உருப்பெற்றது என்பதே ஈண்டு எமது வினாவாகும்.

1947 இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொரொந்துவ’, தமிழரான எஸ். எம். நாயகத்தின் தயாரிப்பில் தென்னிந்தியக் கலையகத்தில் உருவாகியது. தொடர்ந்து வந்த படங்களும் பெரும்பாலும் அக்கலையக வாய்பாட்டையே பின்பற்றின. மொழி சிங்களமாயினும் கிராமம் வர்ணந் தீட்டிய தட்டியாகவே இருந்தது.

இச்சூழ்நிலையில், 1952 இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவிற் சேர்ந்த பீரிஸ், வறண்ட வலயத்தின் மலேரியா ஒழிப்புப் பற்றி 1954 இலும், வீதிப் பாதுகாப்புப் பற்றி 1955 இலும் விவரணப் படங்களை ஆக்கினார். அரசின் பிரசாரத் தேவைக்கான இத்தகைய படங்களில் மக்கள் கொடையைப் பெறுவோராகத் தோன்றுவரேயன்றி வரலாற்றை இயக்குவோராகத் தோன்றுவதில்லை. எனினும், மெய்யான இடத்தையும் இயற்கை ஒளியையும் பொறுமையோடு நோக்கும் பயிற்சியை அவை அளித்தன. ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் த சில்வா ஆகியோருடன் அவர் அப்பிரிவை விட்டு வெளியேறியபோது இப்பயிற்சியும் உடன்வந்தது. அதன் பேறே ‘ரேகாவ’ (1956). 1957 இல் கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற அப்படம் உள்நாட்டில் வசூலிற் தோல்வி கண்டது. அதன் பின்னரும் கதைப்படங்களுக்கு இடையிடையே அவர் விவரணப் படங்களை ஆக்கிவந்தார்.

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவிய ‘கம்பெரலிய’, 1965 இல் புதுடில்லி சர்வதேச விழாவில் தங்க மயில் விருதைப் பெற்றது. தென்பகுதிக் கிராமத்துப் பெருங்குடும்பமொன்றின் தேய்வை இத்துணை நுண்மையாகக் காட்டிய படம் அதற்கு முன் இல்லை. ஆயின், கமரா பெரும்பாலும் அவ்வீட்டினுள்ளேயே நிற்கின்றது. நந்தாவின் குடும்பத்தாரால் மறுக்கப்பட்ட பியல் வணிகத்தாற் செல்வனாகித் திரும்புகின்றான்; அச்செல்வம் எவரது உழைப்பிலிருந்து திரண்டது என்பது திரைக்கு வெளியே நிகழ்கின்றது. முதலாளித்துவத்தை நாம் விளைவாகக் காண்கின்றோம், இயக்கமாகக் காண்பதில்லை. மூன்று நாவல்களின் தொடரை நிறைவுசெய்த ‘யுகாந்தய’ (1983) தொழிலாளர்–முதலாளி முரண்பாட்டை நேரடியாகப் பொருளாக்கியது. ஆனால் அங்கும் அது முதலாளியான தந்தைக்கும் இடதுசாரியான மகனுக்கும் இடையிலான பிணக்கின் வழியாகவே வெளிப்படுகின்றது.

மற்றுமொன்றும் கருதற்பாலது. ‘ரேகாவ’ வெளிவந்த 1956, சிங்களம் மட்டும் சட்டத்தின் ஆண்டுமாகும். ஆங்கிலங்கற்ற கத்தோலிக்க நடுத்தர வர்க்கத்தவரான பீரிஸின் கலை இனவாதத்துக்கு ஊழியஞ் செய்யவில்லை. எனினும், அதனைத் ‘தேசிய சினிமா’ என வரவேற்ற கருத்தோட்டத்தில் தேசம் என்பது சிங்களக் கிராமமாகக் குறுகியது. தோட்டத் தொழிலாளியும் வடபுல விவசாயியும் அத்தேசத்தின் சட்டகத்துக்குள் வரவில்லை.

தட்டியிலிருந்த கிராமத்தை மண்ணில் இறக்கியமை பீரிஸின் வரலாற்றுப் பணி. அம்மண்ணில் உழைப்போரை அதன் வரலாற்றுக் கர்த்தாக்களாகக் காட்டும் பணி அவரோடு முடிந்துவிடவில்லை.