மானிப்பாய் வைத்தியர்

1973-ஆம் வருடம் என் அப்பாயிக்கு இரண்டு காலும் வீங்கியது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். அப்பா அவர்களை வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் பரிசோதித்து மாத்திரை எழுதிக் கொடுத்து, "சால்ட் ஃப்ரீ டயட் குடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சீட்டிலும் அதையே எழுதியிருந்தார்.

அப்பா ஐந்தாம் வகுப்பு. அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றால் தடை இல்லை, தாராளம் என்று அர்த்தம். "உப்பு தாராளமா சேத்துக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று வீட்டில் வந்து சொன்னார். அப்பாயிக்கு ஒரே சந்தோஷம். பழையதும் நார்த்தங்காய் ஊறுகாயும், வாரத்தில் மூன்று நாள் கருவாட்டுக் குழம்பும் தடையில்லாமல் நடந்தன. நான் அப்போது சுகாதார ஆய்வாளர் பயிற்சியில் இருந்தேன். ஒரு மாதம் கழித்து ஊருக்கு வந்தபோது அப்பாயியின் கால் தூண் மாதிரி இருந்தது. சீட்டை வாங்கிப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்தது. அன்றைக்கே உப்பை நிறுத்தினோம். ஆனாலும் அடுத்த பொங்கலுக்கு அப்பாயி இல்லை.

வயது எழுபதுக்கு மேல். இதயமும் பலவீனம். அந்த ஒரு வார்த்தையால்தான் போனார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "சாப்பாட்டுல உப்பு கூடாது ஆத்தா" என்று அவர்கள் முகத்தைப் பார்த்து ஒருவர் சொல்லியிருக்கலாம் அல்லவா? அப்பா சாகும் வரை அந்தச் சீட்டைப் பற்றிப் பேசவே மாட்டார்.

பணி ஓய்வுக்குப் பிறகு பழைய புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது, இந்தக் குறையை நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே உணர்ந்து, அதைத் தீர்க்கத் தன் வாழ்நாளைச் செலவழித்த ஒரு டாக்டரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அவர் தமிழர் இல்லை, அமெரிக்கர். பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அவர் வேலை செய்த இடமும் நமக்குத் தூரமில்லை. இலங்கை வானொலியைத் திருச்சி வானொலியைவிடத் தெளிவாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்தான். நாம் தஞ்சாவூர் போகிற தூரம்கூட இருக்காது. நடுவில் கடல், அவ்வளவே.

கிறீன் 1822-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் படித்துவிட்டு, அமெரிக்க மிஷன் அனுப்பி 1847-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். அடுத்த வருடம் மானிப்பாய்க்குப் போய் வைத்தியசாலை நடத்தினார். இன்றும் அங்கே அவர் பெயரில் ஆஸ்பத்திரி இருக்கிறது.

அவருக்கு முன்னோடிகளும் உண்டு. அதே மிஷனில் 1820 வாக்கில் யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்தவர் ஜான் ஸ்கடர். பிறகு அவர் சென்னைக்கு வந்தார். அவருடைய பேத்திதான் வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர். நம் ஊரிலிருந்து எத்தனை பேர் ரயிலேறி வேலூருக்குப் போய் வந்திருக்கிறோம்! அந்தக் கதைக்கும் ஆரம்பம் யாழ்ப்பாணக் கரைதான்.

மானிப்பாயில் ஒரு டாக்டர் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்? ஆகவே 1848-லேயே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்க ஆரம்பித்தார். பாடம் ஆங்கிலத்தில். பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். ஆனால் படித்து முடித்தவர்கள் கிராமத்தில் தங்கவில்லை. ஆங்கிலம் தெரிந்த வைத்தியருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது, சம்பளமும் அதிகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது, குடும்பம் இருக்கிறது. ஆனால் எந்தக் கிராமத்துக்காகக் கற்பித்தாரோ, அந்தக் கிராமத்துக்கு வைத்தியர் இல்லாமல் போயிற்று.

கிறீன் 1857-இல் அமெரிக்கா போய், 1862-இல் திரும்பி வந்தார். வந்ததும் ஒரு முடிவெடுத்தார். இனிமேல் மருத்துவம் தமிழில்தான். 1864-இல் தமிழ் வகுப்பு தொடங்கியது. தமிழில் படித்தவன் தன் ஊரில் தங்குவான், தன் ஜனங்களிடம் அவர்களுக்குப் புரியும்படி பேசுவான் என்பது அவர் கணக்கு. மாணவர்கள் கால்சட்டை போட்டுத் துரை வேஷம் கட்டுவதுகூட அவருக்குப் பிடிக்காது. தங்கள் ஊர் உடையிலேயே இருக்க வேண்டும் என்பார்.

எல்லோரும் இதை வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். தமிழில் படித்தால் உத்தியோகம் கிடைக்குமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் நாம் கேட்கிற அதே கேள்விதான்.

கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே! தமிழில் ஆங்கில மருத்துவப் புத்தகம் கிடையாது. அதையும் அவரே உண்டாக்கினார். 1850-களில் வந்த முதல் புத்தகம் கட்டர் என்பவர் எழுதிய உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரம் பற்றிய நூல். தமிழில் அதன் பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. சுகாதாரத் துறையில் இருந்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அவர் முதலில் எடுத்தது அறுவை சிகிச்சையை அல்ல. உடம்பு எப்படி வேலை செய்கிறது, அதை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்பதைத்தான் முதலில் சொன்னார்.

பிறகு 1857-இல் 'பிரசவ வைத்தியம்'. 1867-இல் 'இரண வைத்தியம்'. 1872-இல் ஒரே வருடத்தில் இரண்டு பெரிய புத்தகங்கள்: 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்'. இதில் 'மனுஷ அங்காதிபாதம்' என்பது கிரே எழுதிய உடற்கூற்று நூலின் தமிழாக்கம். இன்றும் மருத்துவ மாணவர்கள் பெயர் சொல்லும் அந்த நூல் லண்டனில் வெளியானது 1858-இல். பதினான்கே வருடத்தில், எண்ணூறு பக்கங்களைத் தாண்டும் அளவில், தமிழில் வந்துவிட்டது! அப்புறம் 1875-இல் 'கெமிஸ்தம்', 1883-இல் 'மனுஷ சுகரணம்', 1884-இல் 'இந்து பதார்த்த சாரம்'. மொத்தம் எட்டு நூல்கள், நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்.

இதை அவர் தனியாகச் செய்யவில்லை. டான்போர்த், சாப்மன் என்ற பெயர்களைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள், அவருடைய மாணவர்கள். மிஷன் பள்ளியில் அமெரிக்கப் பெயர் வைத்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம். மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள், கிறீன் திருத்துவார்.

கலைச்சொல்லுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடு. கிடைக்காவிட்டால் சம்ஸ்கிருதத்தில் எடு. அதுவும் சரிப்படாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள். புத்தகத் தலைப்புகளிலேயே இதைப் பார்க்கலாம். 'அங்காதிபாதம்' நாட்டு வைத்தியர்களுக்கு முன்பே பழக்கமான சொல். 'கெமிஸ்தம்' ஆங்கிலத்துக்குத் தமிழ் வேட்டி கட்டியது. இன்று நாம் வேதியியல் என்கிறோம், உடலியங்கியல் என்கிறோம். அவருடைய சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. ஆனால் எல்லாச் சொல்லும் தயாரான பிறகு பாடம் நடத்தலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அதுதான் முக்கியம். காத்திருந்தால் ஒரு புத்தகமும் வந்திருக்காது.

அந்தக் காலத்தின் அவசரத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1866-இல் யாழ்ப்பாணத்தில் காலரா வந்து ஆயிரக்கணக்கில் ஜனங்கள் மடிந்தார்கள். காலராக் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது 1884-இல்தான். மருந்து கிடையாது. சுத்தமான தண்ணீர், சுத்தமான கை, இவற்றைச் சொல்லிப் புரிய வைப்பதே வைத்தியம். அதை ஆங்கிலத்தில் சொல்லி யாருக்கு என்ன பயன்?

கிறீன் 1873-இல் உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பினார். ஆனாலும் வேலையை விடவில்லை. கடைசி இரண்டு புத்தகங்கள் அவர் ஊருக்குப் போன பத்து வருடம் கழித்து வந்தவை. 1884-இல் வூஸ்டரில் இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் என்றே தன் கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார். அவரிடம் படித்து வெளியே வந்த வைத்தியர்கள் அறுபதுக்கும் மேல். அவர்களில் 33 பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

பிறகு என்ன ஆயிற்று? 1870-இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி திறந்தது, ஆங்கிலத்தில். அரசாங்க வேலைக்கு அதுவே வழி. கிறீனின் புத்தகங்களைப் படிக்க ஆள் இல்லாமல் போயிற்று. பின்னாளில் ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் உருதுவில் மருத்துவம் கற்பித்தார்கள். நிஜாம் ஆட்சி போனதும் அதுவும் நின்றது. 2022-இல் போபாலில் இந்தியில் மருத்துவப் பாடநூல் வெளியிட்டபோது எல்லோரும் அதைப் புதுமை என்று பேசினார்கள். கிறீனை நினைத்தவர்கள் குறைவு. ஈழத்துக் கவிஞர் அம்பி மட்டும் 1967-லேயே 'கிறீனின் அடிச்சுவடு' என்று ஒரு நூல் எழுதி அவரை நமக்கு நினைவூட்டினார்.

மருத்துவப் படிப்பு முழுவதையும் தமிழில் நடத்த முடியுமா என்று என்னைக் கேட்டால், அது பெரியவர்கள் பேச வேண்டிய விஷயம். சாதாரண சுகாதார ஆய்வாளருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கோரையாற்றங்கரைத் தெருக்களில் பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு நடந்த காலத்தில் 'டீஹைட்ரேஷன்' என்று நான் சொன்னால் யாரும் நின்று கேட்க மாட்டார்கள். "வயித்தால போகுது, உடம்புத் தண்ணி வத்துது, உப்பும் சக்கரையும் கரைச்சுக் குடு தாயி" என்றால் உடனே அடுப்படிக்குப் போய்ச் சொம்பை எடுப்பார்கள். அப்படிச் சொன்னதால் பிழைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் பேத்தி தஞ்சாவூரில் மருத்துவம் படிக்கிறாள். போன விடுமுறையில் வந்தபோது அப்பாயியின் உப்புக் கதையை அவளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தா, சால்ட் ஃப்ரீன்னு நானும் வார்டுல சொல்லியிருக்கேன்" என்றாள்.