தொழில்வழிச் சிகிச்சையும் பட்டத்தின் விலையும்

ஒரு தொழிலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதிற் புகழ்பெற்ற சிலரின் வரலாற்றை எழுதி அமைந்துவிடுகின்றனர். அத்தொழிலைக் கற்க யார் அனுமதிக்கப்பட்டனர், எத்தனை காலம் கற்றனர், கற்பதற்கான செலவு யார் தலையில் ஏற்றப்பட்டது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கும், நாளை ஏதேனும் ஒரு தொழிலுக்குச் செல்லவிருக்கும் நம் மாணவர்க்கும் இவை அந்நியமான வினாக்களல்ல. தொழில்வழிச் சிகிச்சை என வழங்கும் துறையின் கல்வி வரலாற்றை, அது உருப்பெற்ற அமெரிக்க நாட்டை நிலைக்களமாகக் கொண்டு, இவ்வினாக்களோடு ஈண்டு நோக்குவோம்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். இங்கே தொழில் என்பது பிழைப்புக்காகச் செய்யும் வேலையை மட்டும் குறிப்பதன்று. மனிதன் ஒரு நாளிற் செய்யும் கருமங்கள் அனைத்தும் அதனுள் அடங்கும். பக்கவாதத்தினால் ஒரு கை செயலிழந்த தாய் மீண்டும் தன் சட்டைக்குப் பொத்தான் பூட்டவும், கறி நறுக்கவும், குழந்தைக்குத் தலை வாரவும் பழகுதல் இச்சிகிச்சையின் பாற்படும். விரல்களை இழந்த தச்சன் உளியைப் புதிய முறையிற் பிடிக்கக் கற்பதும் அதுவே. செய்ய இயலாது போனவற்றைச் செய்வதன் வாயிலாகவே மனிதனை மீட்பது இதன் அடிப்படை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் பாரிஸ் நகரிலே பினெல் என்னும் வைத்தியரும், இங்கிலாந்தின் யோர்க் நகரிலே வில்லியம் டியூக் என்னும் வணிகரும் மனநோயாளரை விலங்கிட்டு அடைத்து வைக்கும் வழக்கத்துக்கு மாறாக அவர்களுக்கு வேலையும் ஒழுங்கும் மனித மரியாதையும் அளித்தனர். இத்துறையின் முன்வரலாற்றை அவர்களிடமிருந்து தொடங்குவது மரபு. ஆயின் அதனினும் அண்மையான வேர் ஒன்றுண்டு. யந்திரத் தொழில் உழைப்பாளியின் கையிலிருந்து படைப்பின்பத்தைப் பறித்துவிட்டது என்பதை ரஸ்கினும், பின்னர் சோஷலிஸ்டாக மாறிய வில்லியம் மொரிஸும் வற்புறுத்தினர். அவர்களாற் கிளர்ந்த கைவினை இயக்கம் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவை அடைந்தது. அங்கே அது பெரும்பாலும் மொரிஸின் அரசியலைக் கரையிலேயே இறக்கிவைத்துவிட்டு, வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகச் சுருங்கியது என்பதும் உண்மையே. ஆயினும் சிக்காகோ நகரில், புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதியிலே ஜேன் அடம்ஸும் எலன் கேற்ஸ் ஸ்ராரும் 1889ஆம் ஆண்டு அமைத்த ஹல் ஹவுஸ் என்னும் சமூக நிலையம் அவ்வியக்கத்தின் உயிர்ப்பை ஓரளவு காத்தது. சிக்காகோவின் கைவினைக் கழகம் 1897இல் அங்கேதான் தோன்றியது.

அந்தச் சூழலிலிருந்தே முதற் பயிற்சி வகுப்புகளுள் ஒன்று பிறந்தது. 1908ஆம் ஆண்டு, ஹல் ஹவுஸைச் சேர்ந்த ஜூலியா லாத்ரொப் முதலியோரின் முயற்சியாற் சிக்காகோவின் சமூகப்பணிப் பாடசாலையிலே, மனநோய் வைத்தியசாலைகளின் பணியாளருக்கென ஒரு குறுங்கால வகுப்பு நடத்தப்பட்டது. பணியாளர் என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். வைத்தியருக்காகவோ பட்டதாரிகளுக்காகவோ அவ்வகுப்பு ஏற்படவில்லை. குறைந்த கூலிக்கு இரவும் பகலும் நோயாளரைக் காத்துநின்றவர்களுக்காக அது ஏற்பட்டது. அதற்குச் சற்று முன்னதாக, 1906இல், பொஸ்ரன் நகரில் சூசன் ட்ரேசி என்னும் தாதி பயிற்சித் தாதியருக்கு இதே கலையைக் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். 1911இல் சிக்காகோ வகுப்பிற் சேர்ந்த எலினோர் கிளார்க் ஸ்லேகிள் என்னும் பெண்மணி சில ஆண்டுகளுள் அந்நகரிலேயே ஃபாவில் தொழிற்பாடசாலையின் தலைமையை ஏற்றார். இத்துறைக்கென அமைந்த முதற் பாடசாலை என அதனைக் கூறுவர்.

1917 மார்ச் மாதத்தில் நியூ யோர்க் மாநிலத்தின் கிளிஃப்ரன் ஸ்பிறிங்ஸ் என்னும் சிற்றூரில் அறுவர் கூடித் தேசிய சங்கமொன்றை நிறுவினர். கூட்டத்தை அழைத்த ஜோர்ஜ் பார்ட்டன் ஒரு கட்டிடக் கலைஞர். காசநோயாலும் வாதத்தாலும் வருந்தித் தம்மைத் தாமே வேலையால் தேற்றிக்கொண்டவர். ஏனையோருள் டன்ரன் என்னும் மனநோய் வைத்தியரும், ஸ்லேகிளும், கைப்பணி ஆசிரியை ஒருவரும், கனடாவிற் போர்வீரர் மறுவாழ்வுப் பணியாற்றிய ஒருவரும், பார்ட்டனின் செயலாளரான ஒரு பெண்ணும் இருந்தனர். அறுவரில் மூவர் பெண்கள், வைத்தியர் ஒருவரே. பிற்காலத்தில் இத்துறை வைத்தியத்தின் நிழலிலேயே ஒதுங்கிநின்றதை எண்ணும்போது இக்கணக்கு வியப்பூட்டுவதாகும்.

அடுத்த மாதமே அமெரிக்கா முதலாம் உலகப் போரிற் குதித்தது. உறுப்பிழந்தும் சித்தம் கலங்கியும் திரும்பிய போர்வீரரைப் பேணுதற்கு ஆயிரக்கணக்கான கைகள் வேண்டியிருந்தன. 1918இல் பொஸ்ரன், பிலடெல்பியா முதலிய நகரங்களிற் பாடசாலைகள் விரைந்து எழுந்தன. சில வாரங்களோ சில மாதங்களோ பயின்ற பெண்கள் 'மறுசீரமைப்பு உதவியாளர்' என்னும் பெயரால் இராணுவ வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். பிரான்சில், போர்முனைக்குப் பின்னால், லா ஃபோஷ் என்னும் இடத்திலிருந்த 117ஆம் இலக்க வைத்தியசாலையிற் போர் அதிர்ச்சியால் நடுங்கிய இளைஞர்களின் கைகளில் மரத்தையும் உலோகத்தையும் கொடுத்து, அவர்களைச் சிறிது சிறிதாக மனிதராக்கினர் இப்பெண்கள்.

அவர்களுக்கு இராணுவம் அளித்த தகுதி யாது? ஒன்றுமில்லை. சீருடை உண்டு, பதவிநிலை இல்லை. அவர்கள் குடியியல் ஊழியர் எனவே கணிக்கப்பட்டனர். போர் முடிந்ததும் இராணுவத்தின் தேவை குறைந்தது, வேலையும் குறைந்தது. முழுமையான இராணுவப் பதவிநிலை இத்துறையினருக்குக் கிடைத்தது 1947ஆம் ஆண்டிலேயே. பெண்களுக்கென அமைந்த மருத்துவ நிபுணர் படையணியில் உணவியலாளர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் ஆகியோருடன் அவர்களும் சேர்க்கப்பட்டனர். இடையில் 29 ஆண்டுகள், இன்னுமொரு உலகப் போர். 'வீட்டுப் பெண்கள் பொழுது போகக் கூடை முடையக் கற்றுக் கொடுக்கிறார்கள்' என்னும் ஏளனத்தை எதிர்கொள்ள அவர்களுக்கு ஓர் ஆயுதம் தேவைப்பட்டது. சான்றிதழே அவ்வாயுதமாயிற்று. பின்வந்த காலத்தில் அவர்கள் பயிற்சியை நீட்டிக்கொண்டே சென்றமைக்கு வெறும் பட்டமோகத்தைக் காரணமாகக் கூறுவோர் இந்த 29 ஆண்டுகளை மறந்துவிடுகின்றனர்.

1923இல் சங்கம் தன் முதற் பயிற்சி நியமங்களை ஏற்றது. கல்விக்காலம் ஓராண்டு, அதில் ஒரு பகுதி வைத்தியசாலையிற் கழிய வேண்டும். 1930களில் சங்கம் மேலுமொரு படி சென்று, பாடசாலைகளைப் பரிசோதித்து அங்கீகரிக்கும் பொறுப்பை அமெரிக்க மருத்துவச் சங்கத்திடமே ஒப்படைத்தது. 1935இல் அம்மருத்துவச் சங்கம் வகுத்த விதிகள் நடைமுறைக்கு வந்தன. வைத்தியரின் அங்கீகாரம் இன்றி வைத்தியசாலையில் நிலைக்க முடியாது என அவர்கள் கருதியது சரியாகவே இருக்கலாம். ஆனால் அங்கீகாரம் என்பது இருபுறமும் வெட்டும் வாள் என்பதற்கு மருத்துவக் கல்வியே சாட்சி. 1910இல் வெளிவந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கை போலிக் கல்லூரிகளை ஒழித்தது. அதே அலையிற் கறுப்பின மாணவருக்கென இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து அழிந்தன. தரம் உயர்ந்தது; வாயில் குறுகியது. இவ்விரண்டும் ஒரே கையெழுத்தில் நிகழ்ந்தவை.

அமெரிக்காவில் எழுந்த இந்தப் பயிற்சி முறை வேறு நாடுகளுக்கும் பரவியது. பிலடெல்பியாவிற் கற்ற மார்கிரட் ஃபுல்ரன் 1925இல் ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகரிற் பணியேற்றார். 1930இல் பிரிஸ்ரல் நகரில் எலிசபெத் காசன் டோர்செற் ஹவுஸ் பாடசாலையைத் தொடங்கினார். இவர் வைத்தியராகுமுன் ஒக்ரேவியா ஹில்லின் கீழ் இலண்டன் ஏழைகளின் குடியிருப்புகளிற் பணிபுரிந்தவர். அமெரிக்காவிற் பிறந்து இந்தியர் ஒருவரை மணந்த கமலா நிம்ப்கார் 1950இல் பம்பாய் கே.ஈ.எம். வைத்தியசாலையில் நிறுவிய பாடசாலை ஆசியாவில் முதலாவதாகும். 1952இல் உலக சம்மேளனம் தோன்றியபோது அதனை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் இடம்பெற்றது. நமது நாட்டில் இப்பயிற்சி நெடுங்காலம் சுகாதார அமைச்சின் கீழ் டிப்ளோமாவாகவே நடந்துவந்தது.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். 1947இலேயே தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், ஏற்கெனவே தொழிலில் இருந்தோருக்கென முதுமாணிப் பட்டநெறியை ஆரம்பித்திருந்தது. 1950களின் இறுதியில் 'உதவிச் சிகிச்சையாளர்' என்னும் புதிய படி உருவாக்கப்பட்டது. மேற்படி நீண்டு உயர்ந்தபோது, குறுங்காலப் பயிற்சியோடு குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் கீழ்ப்படியொன்று பிறந்தமை தற்செயலன்று. 1908இல் வகுப்பறைக்கு அழைக்கப்பட்ட அதே பணியாளரின் வாரிசுகளே இவர்கள் எனலாம். 1961இல் மேரி ரைலி தம் புகழ்பெற்ற பேருரையில், வைத்தியத்தின் கருவிகளை இரவல் வாங்குவதை விடுத்து, மனிதன் செயலால் நலம் பெறுகிறான் என்னும் தன் மூலக் கருத்தை இத்துறை தானே ஆராய வேண்டுமென வாதிட்டார். தென் கலிபோர்னியாவில் 1989இல் தொடங்கிய கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிநெறி அந்த வாதத்தின் நல்ல விளைவுகளுள் ஒன்று. ஆராய்ச்சிக்கான பட்டத்தை நாம் குறைகூறவில்லை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது.

தொழிலில் நுழைவதற்கே எந்தப் பட்டம் வேண்டும் என்பதே அச்சிக்கல். 1999இல் அமெரிக்க அங்கீகாரச் சபை, 2007 முதற்கொண்டு முதற்பட்டம் போதாது, அதற்கு மேற்பட்ட கல்வியே நுழைவுக்குரியது என முடிவுசெய்தது. அதே 1999இல் கிரெய்ற்ரன் பல்கலைக்கழகம் நுழைவுநிலையிலேயே தொழிற்றுறைக் கலாநிதிப் பட்டத்தை அளிக்கத் தொடங்கியது. இது ஆராய்ச்சிப் பட்டமன்று. சிகிச்சையாளராக வேலை செய்வதற்கான பட்டம். 2017 ஆகஸ்டில் அச்சபை, 2027 முதல் அனைவரும் கலாநிதிப் பட்டத்தோடே நுழைய வேண்டுமென ஆணையிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் சில மாதப் பயிற்சி. இப்போது நான்காண்டு முதற்பட்டம், அதன்மேல் ஏறத்தாழ மூன்றாண்டு.

இதன் பொருளை உணர, அங்கே பல்கலைக்கழகம் இலவசமன்று என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1945 முதல் கல்வியைப் பொதுவுரிமையாகப் பெற்ற நாட்டினரான நமக்கு அது சட்டென்று மனதிற் படுவதில்லை. அமெரிக்க மாணவர் கடன்பட்டுக் கற்கின்றனர். அன்றியும் இருபத்துநான்கு வாரங்கள் வைத்தியசாலைகளில் முழுநேரமாக வேலைபழக வேண்டும். அதற்குக் கூலி பொதுவாக இல்லை. மாறாக, அக்காலத்துக்கும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் செலுத்துகின்றனர். தந்தையின் உழைப்பில் வாழும் மாணவி அதனைத் தாங்குவாள். தாயையும் தம்பியையும் தன் உழைப்பாற் காப்பவள் என் செய்வாள்? சக்கர நாற்காலியில் வாழும் தொழிலாளியின் வீட்டுப்படிக்கட்டையும் ஒடுங்கிய குசினியையும் தன் வாழ்விலிருந்தே அறிந்தவள் பெரும்பாலும் இரண்டாமவளே.

ஆணைக்கு எதிர்ப்பு எழுந்தது. அங்கத்தவர் பலரும் ஆசிரியர் பலரும் கடன் சுமையையும் நுழைவோரின் வர்க்க, இன வேறுபாட்டையும் சுட்டிக்காட்டினர். ஆதரித்தோரின் வாதமும் இலேசானதன்று: உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் மருந்தாளரும் கலாநிதிகளாகிவிட்ட வைத்தியசாலையில் தாம் மட்டும் தாழ்ந்து நிற்பதா என்று கேட்டனர். 1918இன் சீருடையணிந்த, பதவியற்ற பெண்ணின் குரலை அதில் நாம் கேட்கின்றோம். ஆனால் அப்பெண்ணுக்கு மறுக்கப்பட்டது மரியாதையும் ஊதியமும். அவற்றை மறுத்தோர் அதிகாரத்தில் இருந்தோர். அக்கடனை இன்றைய மாணவியின் கணக்கில் எழுதுவது நீதியாகத் தோன்றவில்லை.

2018இல் ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. 2019இல் சங்கத்தின் பிரதிநிதிகள் சபை முதுமாணி, கலாநிதி என்னும் இரு வாயில்களையும் திறந்தே வைத்திருக்கத் தீர்மானித்தது. எந்த வாயிலால் வந்தவரும் எழுதுவது ஒரே தேசியப் பரீட்சையை. பெறுவது ஒரே வகை அனுமதிப்பத்திரத்தை.