அணையும் ஒளி – அத்தியாயம் 4: நான்காம் நாள் மேடு

2000 மார்ச் 1, இந்திய நேரப்படி பிற்பகல் மூன்றேகால் மணி தாண்டியிருக்கும். அப்போது சூரியனைச் சுற்றிவந்த யுலிசிஸ், ஈராஸ் குறுங்கோளைச் சுற்றிவந்த நியர், பூமியைச் சுற்றிவந்த ஆர்எக்ஸ்டிஇ ஆகிய மூன்று விண்கலங்களும் ஒரே வெடிப்பைப் பதிவு செய்தன. சில விநாடிகளே நீடித்த காமாக் கதிர் வெடிப்பு. நமக்கோ அந்தத் திசை அப்போது அடிவானத்துக்குக் கீழே இருந்தது.

கதிர் ஒவ்வொரு கலத்தையும் எட்டிய நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் குறிக்க ஒரு நாளுக்கு மேல் பிடித்தது. மார்ச் 3 அதிகாலை, ஜவ்வாது மலையின் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி, வெடிப்புக்குப் பின் எஞ்சி மங்கும் ஒளியைத் தேடி அந்தப் பக்கம் திரும்பியது. அதே நேரத்தில் தேங்காய்ப்பட்டணம் கரையில் நின்று ஒருவர் வடகிழக்கே அண்ணாந்திருந்தால், அதே திசையைத்தான் பார்த்திருப்பார். ஆனால் எதுவும் தெரிந்திருக்காது. வெறுங்கண்ணுக்கு எட்டும் மங்கலான விண்மீனைவிடப் பல லட்சம் மடங்கு மங்கிய புள்ளி அது. சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி!

வானியலாளர்கள் எஸ்.ஜி. பார்கவியும் ராமநாத் கௌசிக்கும் அந்தப் புள்ளியின் பிரகாசத்தை அளந்தார்கள். எதற்கு? ஒரு கணக்கைச் சோதிக்க.

1998-ல் சாரி, பிரான், ரமேஷ் நாராயண் மூவரும் எழுதிய கணக்கு அது. நாராயண் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இளங்கலை முடித்தவர். அந்தக் கணக்கின்படி, வெடிப்பிலிருந்து ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாயும் பொருள் சுற்றியுள்ள வாயுவில் மோதும். மோதல் அலையில் வேகம் பெறும் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ஒளிரும். அலை தளரத் தளர ஒளி சீராகக் குறைய வேண்டும். வெடித்து இரண்டு நாளில் இருந்த ஒளி, நான்காம் நாள் பாதிக்கும் கீழே போயிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கணக்கின் பெருமையே, தான் தோற்கக்கூடிய இடத்தைத் தானே காட்டிக்கொடுப்பதுதான்.

அந்த இடம் வந்தது. காவலூர், நைனிடால், ஐரோப்பா, அமெரிக்கா என எல்லா அளவுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டபோது, நான்காம் நாளை ஒட்டி வளைவில் ஒரு மேடு. மங்க வேண்டிய ஒளி மங்க மறுத்து எழும்பியிருந்தது.

வெடிப்புக்கும் நமக்கும் நடுவே சூரியனில் பாதி நிறையுள்ள விண்மீன் ஒன்று குறுக்கிட்டு, தன் ஈர்ப்பால் ஒளியைப் பெருக்கிக் காட்டியது என்றார்கள் கார்னாவிச், லோப், ஸ்டானெக் மூவரும். பார்கவியும் கௌசிக்கும் வேறு சொன்னார்கள்: ஒரு வெடிப்பின் ஒளி மட்டுமல்ல இது, இன்னொன்றும் மேலே ஏறியிருக்கிறது!

இப்படி ஒளியைப் பெருக்கும் ஈர்ப்பு லென்ஸ் நிறம் பார்க்காது. நீலமானாலும் அகச்சிவப்பானாலும் ஒரே விகிதத்தில் கூட்டிக்காட்டும். இரண்டையும் ஒப்பிட்டால் யார் சொன்னது நிற்கும் என்று தெரிந்துவிடும். அளவுகள் கையில் இருந்தன. ஒப்பிட்டபோது என்ன தெரிந்தது?

அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)