வேலை போன பின்னும் நிற்கும் காப்புறுதி

சிங்கப்பூரில் நிறுவனம் தன் ஊழியர்களுக்கு எடுத்துத் தரும் குழு ஆயுள் காப்புறுதி பெரும்பாலும் வேலையோடு வந்து வேலையோடு போய்விடும். சில ஒப்பந்தங்களில் மட்டும், விலகுபவர் மருத்துவச் சோதனையின்றி அதைத் தனிக் காப்புறுதியாக மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் கெடு குறுகியது, சந்தாவும் கூடும்.

பிழைப்பு முழுவதும் ஒரே முதலாளியைச் சார்ந்திருப்பதன் ஆபத்தைப் பிரிட்டனின் செம்பவாங் கடற்படைத் தளம் காட்டியது. தமிழரும் மலையாளிகளும் நிறைந்திருந்த அத்தளத்தில் பலருக்கு வேலையும் குடியிருப்பும் ஒரே இடத்திலிருந்து வந்தன. 1971க்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தபோது இரண்டும் ஒருசேர ஆட்டம் கண்டன. 1970இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், தொழிலாளர் கைக்கு எட்டும் ஆயுள் காப்புறுதிக்காக 'இன்கம்' கூட்டுறவைத் தொடங்கியது.

1955 முதல் இயங்கும் மத்திய சேமநிதி, வேலை மாறினாலும் தொழிலாளியின் பெயரிலேயே நிற்கும். ஆனால் இளவயதில் இறப்பவரின் கணக்கில் சேர்ந்திருப்பது சொற்பம். அக்குறையை நீக்க 1989இல் சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம் வந்தது. முதலாளியிடம் அல்லாமல் சேமநிதிக் கணக்கில் காப்புறுதியைப் பிணைத்ததே இதன் சிறப்பு. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தாமாகச் சேர்க்கப்படுவர், வேண்டாதவர் விலகலாம். 2005இல் கிரேட் ஈஸ்டர்ன், இன்கம் ஆகியவற்றிடம் போன திட்டம், 2021 ஏப்ரல் முதல் கிரேட் ஈஸ்டர்னிடம் மட்டும் உள்ளது. அப்போது காப்புத்தொகை 46,000 வெள்ளியிலிருந்து 70,000 ஆனது. 60 வயதோடு முடிந்துவந்த காப்பு, 55,000 வெள்ளியாக 65 வரை நீண்டது. ஆண்டுச் சந்தா 34 வயது வரை 18 வெள்ளி, 55 வயதில் 298 வெள்ளி.

வேலை இழந்தவருக்கும் கணக்கில் இருப்பு உள்ளவரை சந்தா கழிக்கப்பட்டுக் காப்பு தொடரும். இருப்பு போதாவிட்டால் ரொக்கமாகக் கட்டவேண்டும், கட்டத் தவறினால் காப்பு காலாவதியாகும். வேலையற்ற காலத்தில்தான் இக்கவனம் மிகவும் தேவை. சேமநிதிக்கு எழுதிய வாரிசு நியமனம் இத்தொகைக்குச் செல்லாது, காப்புறுதி நிறுவனத்திடம் தனியே எழுதவேண்டும்.

சேமநிதி இல்லாத வெளிநாட்டு ஊழியர் இதற்கு வெளியே நிற்கின்றனர். ஞாயிறுதோறும் தேக்காவில் கூடும் கட்டுமானத் தொழிலாளிக்கு முதலாளி எடுத்தாகவேண்டிய மருத்துவக் காப்புறுதி, 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. அது மருத்துவமனைச் செலவுக்கானது. வேலை விபத்தில் இறந்தால் சட்டப்படி இழப்பீடு உண்டு. அறையில் மாரடைப்பால் இறந்தால், ஊரில் அவர் தாமே எடுத்துவைத்த பாலிசியைத்தான் குடும்பம் பெரிதும் நம்பவேண்டியிருக்கிறது.