டைரக்டரி என்னும் பட்டியல்

உலகின் முதல் தொலைபேசி டைரக்டரி 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளிவந்தது. ஐம்பது பெயர்கள் கொண்ட ஒற்றைத் தாள். தொலைபேசி எண்கள்கூட அதில் கிடையாது. சொல்லோ அதைவிட மூத்தது. வழிநடத்துதலைக் குறிக்கும் லத்தீன் வினையில் பிறந்து, தேவாலய வழிபாட்டுக் கையேட்டுக்குப் பெயராக இருந்தது. பிறகு ஆட்களின் பெயர், முகவரிப் பட்டியலுக்கு மாறியது.

கணினிக்குள் அது பட்டியலாகவே நுழைந்தது. மல்டிக்ஸ் என்ற இயங்குதளத் திட்டத்துக்காக 1965இல் டேலியும் நியூமனும் எழுதிய கட்டுரையில், டைரக்டரியும் ஒரு கோப்புதான். அதற்குள் இருப்பவை பதிவுகள். ஒரு பதிவு இன்னொரு டைரக்டரியையும் சுட்டலாம் என்று வைத்ததும் மரம் கிளைவிட்டது.

யூனிக்ஸ் இயங்குதளம் இதை எலும்பு வரை செதுக்கியது. 1979இல் வந்த ஏழாம் பதிப்பில் ஒரு பதிவுக்கு 16 பைட்: ஐநோடு எண்ணுக்கு 2, பெயருக்கு 14. கோப்பின் அளவு, உரிமையாளர், நேரம், வட்டில் இருக்கும் இடம் எல்லாம் ஐநோடு என்ற தனிக் குறிப்பில். பெயர் மட்டும் அங்கே இல்லை, அது டைரக்டரியில். (ஐநோடின் ‘ஐ’ எதைக் குறிக்கிறது என்று கேட்டதற்கு, இண்டெக்ஸாக இருக்கலாம் என்று ஊகமாகத்தான் சொன்னார் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி.) ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்கள் இருக்க முடிவது, பெயர் இப்படித் தனியே இருப்பதால்தான். எழுத அனுமதியில்லாத கோப்பைக்கூட, டைரக்டரியில் எழுத அனுமதி உள்ளவர் நீக்கிவிடலாம். நீக்குவது கோப்பையல்லவே, பட்டியலில் ஒரு வரியைத்தான். எல்லோரும் எழுதக்கூடிய ‘டெம்ப்’ டைரக்டரியில் இது விபரீதமாகும் என்பதால்தான் அதற்கு ஸ்டிக்கி பிட் என்ற பூட்டு.

புதுப் பட்டியல் தொடங்குவது அன்று பெரும்பாடு. முதல் யூனிக்ஸ் ஓடிய பிடிபி-7 கணினியில், இயங்கிக்கொண்டிருக்கும்போது டைரக்டரி உருவாக்க வழியே இல்லை. காகித நாடாவிலிருந்து கோப்பு முறைமையை மறுபடி எழுதும்போது உருவாக்கினால்தான் உண்டு. ஏழாம் பதிப்பில் ‘எம்கேடிர்’ என்ற நிரல் இருந்தது. ஆனால் அது இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் மூன்று தனி வேலைகளைக் கேட்கும்: வெற்று டைரக்டரி, தன்னைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளி, தாயைக் குறிக்கும் இரட்டைப் புள்ளி. நடுவில் மின்சாரம் போனால் அரைகுறை டைரக்டரி மிஞ்சும். 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பு இந்த வேலை முழுவதையும் ஒரே கெர்னல் அழைப்பாக்கியது.

ஒரே கணினியில் பல வகைக் கோப்பு முறைமைகள் புழங்கத் தொடங்கியதும், மேலே ஒரு பொது அடுக்கு தேவைப்பட்டது. சன் நிறுவனத்தின் வீநோடு வடிவமைப்பை 1986இல் ஸ்டீவ் கிளைமன் விவரித்தார். லினக்ஸில் அந்த அடுக்கு விஎஃப்எஸ். அங்கேதான் டைரக்டரி என்ட்ரி என்ற இரு சொற்களும் நசுங்கி ‘டென்ட்ரி’ ஆயின. டென்ட்ரி வட்டில் இருப்பதில்லை. பாதையின் ஒவ்வொரு பெயரையும் தேடிக் கண்ட பிறகு கெர்னல் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் குறிப்பு அது. இல்லாத பெயருக்கும் டென்ட்ரி உண்டு என்பதுதான் வேடிக்கை. கம்பைலர் ஒரு கோப்பைப் பல டைரக்டரிகளில் வரிசையாகத் தேடும். பெரும்பாலும் ‘இல்லை’ என்பதே பதில். அந்த ‘இல்லை’யையும் கெர்னல் எழுதி வைப்பதால், மறுமுறை வட்டைத் தொட வேண்டியதில்லை.

டைரக்டரிக்கு இன்று வழங்கும் இன்னொரு பெயரான ஃபோல்டர், திரையிலிருந்து வந்த சொல். ஜெராக்ஸ் ஸ்டார் 1981இல் காட்டிய காகித உறையின் படத்தை, மக்கின்டாஷும் விண்டோஸ் 95உம் உலகப் பழக்கமாக்கின. பார்க்க எளிது, ஆனால் கோப்பு உள்ளே கிடக்கிறது என்ற தவறான எண்ணத்தையும் கூடவே கொடுத்தது. விஎஃப்எஸ்ஸில் ஃபோல்டர் என்றொரு பொருளே கிடையாது.

தமிழ்க் கணிமையில் ஃபோல்டருக்குக் கோப்புறை, டைரக்டரிக்கு அடைவு. நூலின் கடைசியில் வரும் சொல்லடைவில், சொல்லும் பக்க எண்ணும் மட்டும்தான் இருக்கும். டைரக்டரியிலும் அவ்வளவே, பெயரும் எண்ணும். ஆகவே இரண்டில் அடைவே சரியான சொல். ஆனால் ஏழாம் பதிப்பின் 14 பைட்டில் அது அடங்கியிருக்காது: யூடிஎஃப்-8 முறையில் அதற்கு 15 பைட் வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமையில் ஒரு பெயருக்கு இப்போது 255 பைட் வரை இடமுண்டு.